ஜூம் லென்ஸ் வாங்கும் முன் அதன் பெயரைப் படியுங்கள்

டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா வாங்கும் பெரும்பாலானவர்களிடம் முதலில் இருப்பது, கேமராவுடன் ஒரே பெட்டியில் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் தான். சில மாதங்களுக்கு அது போதும். பிறகு பள்ளி ஆண்டு விழா வரும். மேடையில் ஆடும் மகள் படத்தில் விரல் நகம் அளவிற்கே தெரிவாள். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி வெறும் நீலப் புள்ளியாக விழும். அப்போது தான் ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கலாமே என்ற எண்ணம் எழுகிறது.

விசாரித்தால், கேமரா நிறுவனத்தின் சொந்த லென்ஸ்களை விடக் குறைந்த விலையில் சிக்மா, டாம்ரான், டோக்கினா என்று வேறு சில பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ரயில் பெட்டிகளைப் போல எண்களும் எழுத்துகளும் தொடரும். இவற்றை விளம்பரத்திற்காகச் சேர்த்தவை என்று எண்ணி, விலையை மட்டும் பார்த்துப் பலர் வாங்கி விடுகின்றனர். கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ப்ராசசர் எது என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்கிறோம் அல்லவா? லென்ஸில் அந்த விவரங்கள் எல்லாம் பெயரிலேயே எழுதப்பட்டுள்ளன. ஓர் எழுத்து மாறினால் லென்ஸ் உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் செய்யாமல் போகலாம். ஓர் எழுத்து இல்லாவிட்டால் படங்கள் எல்லாம் ஆட்டம் கண்டு விழலாம். கேமராவின் விலைக்குச் சமமான தொகையைக் கொடுக்கப் போகிறோம். எனவே இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக் கொள்வோம்.

தேர்ட் பார்ட்டி லென்ஸ் என்றால் என்ன?

கேனான், நிக்கான், சோனி போன்ற கேமரா நிறுவனங்கள் தங்கள் கேமராக்களுக்குத் தாங்களே லென்ஸ் தயாரிக்கின்றன. இந்தக் கேமராக்களில் பொருந்தும் வகையில் வேறு நிறுவனங்கள் தயாரிப்பவை தேர்ட் பார்ட்டி லென்ஸ்கள். இவற்றைப் போலிச் சரக்கு என்று எண்ண வேண்டாம். டாம்ரான் 1950லும் சிக்மா 1961லும் ஜப்பானில் தொடங்கப்பட்ட நிறுவனங்கள். லென்ஸ் தயாரிப்பில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

விலை குறைய ஒரு முக்கியக் காரணம், ஒரே கண்ணாடி அமைப்பை வடிவமைத்து, பின்புறம் உள்ள மவுண்ட்டை மட்டும் மாற்றிப் பல நிறுவனக் கேமராக்களுக்கும் விற்க முடிவது. ஒரு டிசைன் செலவு பல சந்தைகளில் பங்கிடப்படுகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. கேமராவும் லென்ஸும் மின் தொடர்பு வழியாகப் பேசிக் கொள்கின்றன. அந்தப் பேச்சு முறையைக் கேமரா நிறுவனம் வெளியிடாவிட்டால், லென்ஸ் நிறுவனம் அதை ஆராய்ந்து தானே கண்டுபிடித்துக் கொள்ள வேண்டும். நாளை புதிய கேமரா வரும்போது பழைய லென்ஸ் அதனுடன் சரியாக இயங்காமல் போகும் வாய்ப்பு இதனால் தான் ஏற்படுகிறது. சோனி தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்து விட்டது. அதனால் சோனிக்குத் தேர்ட் பார்ட்டி லென்ஸ்கள் ஏராளம். கேனான் 2018ல் கொண்டு வந்த ஆர்.எஃப். மவுண்ட்டிற்கு, சிக்மாவும் டாம்ரானும் கேனானின் உரிமம் பெற்ற ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களை அறிவித்தது 2024ல் தான்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று நண்பர்களைக் கேட்பதற்கு முன், இதுவரை எடுத்த படங்களைக் கேட்கலாம். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் ஃபைலிலும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பை எழுதி வைக்கிறது. எந்த ஃபோக்கல் லெங்த், எந்த ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, "ப்ராப்பர்ட்டீஸ்" தேர்ந்தெடுத்து, "டீடெய்ல்ஸ்" டேபைக் கிளிக் செய்திடவும். கேமரா பற்றிய பகுதியில் இந்த விவரங்கள் கிடைக்கும். ஆயிரம் படங்களை இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, "வியூ" மெனுவில் "டீடெய்ல்ஸ்" தேர்ந்தெடுக்கவும். மேலே உள்ள நெடுவரிசைத் தலைப்புகளில் ஏதேனும் ஒன்றின் மீது ரைட் கிளிக் செய்து "மோர்" கிளிக் செய்திடவும். கிடைக்கும் நீண்ட பட்டியலில் "ஃபோக்கல் லெங்த்", "எக்ஸ்போஷர் டைம்", "ஐ.எஸ்.ஓ. ஸ்பீட்" ஆகியவற்றில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே தரவும். இப்போது "ஃபோக்கல் லெங்த்" தலைப்பில் கிளிக் செய்தால் படங்கள் அந்த வரிசையில் அடுக்கப்படும். வாட்ஸ்அப் வழியே வந்த படங்களில் இந்தத் தகவல் நீங்கி விடும் என்பதால், கேமராவிலிருந்து நேரடியாகக் காப்பி செய்த ஃபைல்களைப் பயன்படுத்தவும்.

பட்டியலைப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரிய வரும்.

1. பெரும்பாலான படங்கள் 55ல் குவிந்திருந்தால், இன்னும் நெருங்க விரும்புகிறீர்கள் என்று பொருள். உங்களுக்கு 70-300 போன்ற டெலிபோட்டோ ஜூம் தேவை.

2. பெரும்பாலானவை 18ல் இருந்தால், இன்னும் அகலமான காட்சியைத் தேடுகிறீர்கள். டெலிபோட்டோ ஜூம் வாங்கினால் அது பையிலேயே தூங்கும். 10 அல்லது 11 மி.மீ.ல் தொடங்கும் வைட் ஜூம் பற்றி யோசிக்கவும்.

3. ஃபோக்கல் லெங்த் எங்கும் பரவியிருந்து, ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறியும், ஷட்டர் வேகம் 1/15, 1/30 என்று இறங்கியும் இருந்தால், உங்கள் பிரச்சினை தூரம் அல்ல, வெளிச்சம். எஃப்/2.8 லென்ஸ் தான் உதவும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

70-300 மி.மீ. எஃப்/4-5.6 என்ற பெயரை எடுத்துக் கொள்வோம். முதல் இரண்டு எண்கள் ஃபோக்கல் லெங்த். எண் பெரிதானால் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். பாயிண்ட் அண்ட் ஷூட் கேமரா பயன்படுத்தியவர்கள் "இது எத்தனை எக்ஸ் ஜூம்?" என்று கேட்பார்கள். எக்ஸ் என்பது பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து வரும் விகிதம் மட்டுமே. 18-135 லென்ஸ் 7.5 எக்ஸ், 70-300 லென்ஸ் 4.3 எக்ஸ் தான். ஆனால் பறவைக்கு நெருக்கமாகக் கொண்டு செல்வது இரண்டாவது லென்ஸ். எனவே எக்ஸ் கணக்கை மறந்து விட்டு எண்களை நேரடியாகப் பார்க்கவும்.

எஃப் எண் என்பது ஃபோக்கல் லெங்த்தை லென்ஸின் ஒளித் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். எஃப்/4-5.6 என்றால் 70 மி.மீ.ல் எஃப்/4, 300 மி.மீ.க்கு ஜூம் செய்யும்போது எஃப்/5.6 என்று வெளிச்சம் குறையும். எஃப்/2.8 என்று ஒரே எண் இருந்தால் ஜூம் முழுவதும் அது மாறாது. எஃப்/5.6ஐ விட எஃப்/2.8ல் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். மேடையில் எஃப்/5.6ல் 1/60 விநாடி வேண்டிய படத்தை, அதே ஐ.எஸ்.ஓ.வில் எஃப்/2.8ல் 1/250 விநாடியில் எடுத்து விடலாம். ஆடும் கை தெளிவாக விழுவதும் மங்குவதும் இந்த வித்தியாசத்தில் தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லா லென்ஸையும் எஃப்/2.8ஆகவே செய்யலாமே என்று கேட்கலாம். 300ஐ 5.6ஆல் வகுத்தால் சுமார் 54 மி.மீ. அந்த அளவு துளைக்கு முன்புறக் கண்ணாடி உள்ளங்கைக்குள் அடங்கும். 300ஐ 2.8ஆல் வகுத்தால் 107 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடியைத் துல்லியமாகத் தேய்த்து எடுக்கும்போது எடையும் விலையும் எங்கோ போய் விடுகின்றன. குறைந்த விலை டெலிபோட்டோ ஜூம்கள் எஃப்/5.6, எஃப்/6.3 என்று முடிவதன் காரணம் இது தான்.

எழுத்துகள் பதில் சொல்லும் நான்கு கேள்விகள்

எத்தனை எழுத்துகள் இருந்தாலும் அவற்றை நான்கு கேள்விகளாகப் பிரித்துக் கொண்டால் குழப்பம் இல்லை.

கேள்வி 1: என் கேமராவில் பொருந்துமா?

இது மவுண்ட் பற்றியது. ஒரே மாடல் லென்ஸ் கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று என்று தனித்தனியே வரும். பெட்டியின் மேல் எந்த மவுண்ட் என்று எழுதியிருக்கும். இங்கே நிறுவனப் பெயர் மட்டும் போதாது. "நிக்கானுக்கு" என்று கேட்டால் 1959ல் வந்த எஃப் மவுண்ட்டா, 2018ல் வந்த மிரர்லெஸ் இஸட் மவுண்ட்டா என்பது தெரியாது. கேனானிலும் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு இ.எஃப்., மிரர்லெஸுக்கு ஆர்.எஃப். என்று இரண்டு உண்டு. டி.எஸ்.எல்.ஆர். லென்ஸை அடாப்டர் போட்டு அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாம். மிரர்லெஸ் லென்ஸை டி.எஸ்.எல்.ஆர்.ல் பயன்படுத்த முடியாது. சிக்மா லென்ஸ் பெயரில் டி.என். என்று இருந்தாலும், டாம்ரான் பெயரில் டி.ஐ. என்பதை அடுத்து ரோமன் எண்ணில் மூன்று என்று இருந்தாலும் அது மிரர்லெஸ் கேமராவுக்கு மட்டுமே.

கேள்வி 2: என் சென்சார் முழுவதையும் நிரப்புமா?

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. அளவுடையது. நம்மில் பலர் வாங்கும் கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்.-சி. சென்சார் இதை விடச் சிறியது. சிறிய சென்சாருக்காக மட்டும் செய்த லென்ஸில் சிக்மா டி.சி. என்றும், டாம்ரான் டி.ஐ. இரண்டு என்றும், டோக்கினா டி.எக்ஸ். என்றும் போடுகின்றன. மிரர்லெஸ் வரிசையில் டாம்ரான் டி.ஐ. மூன்றுக்குப் பின் ஏ என்ற எழுத்தைச் சேர்க்கிறது. ஃபுல் ஃப்ரேமை நிரப்பும் லென்ஸ் சிக்மாவில் டி.ஜி.; டாம்ரானில் டி.ஐ. மட்டும், டோக்கினாவில் எஃப்.எக்ஸ்.

ஃபுல் ஃப்ரேம் லென்ஸைச் சிறிய சென்சார் கேமராவில் தாராளமாகப் பயன்படுத்தலாம். சென்சார் நடுப்பகுதியை மட்டும் பார்ப்பதால் காட்சி குறுகும். நிக்கான், சோனியில் 1.5, கேனானில் 1.6 கொண்டு பெருக்கிக் கொள்ளவும். 300 மி.மீ. லென்ஸ், நிக்கான் ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் 450 மி.மீ. போலக் காட்டும். பறவை எடுப்பவர்களுக்கு இது இலாபம். மாறாக, டி.சி. லென்ஸை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டினால் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்து விடும், அல்லது கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கொள்ளும். கேனானின் சொந்த இ.எஃப்.-எஸ். லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்.ல் மாட்டவே மாட்டாது. தேர்ட் பார்ட்டி லென்ஸ் மாட்டிக் கொள்ளும். மாட்டியதாலேயே சரியான லென்ஸ் என்று முடிவு செய்து விடக் கூடாது.

இன்னொரு பொறி டோக்கினாவின் டி.எக்ஸ். நிக்கானும் இதே எழுத்துகளைப் பயன்படுத்துவதால், டி.எக்ஸ். என்றால் நிக்கான் லென்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. டோக்கினாவின் டி.எக்ஸ். லென்ஸ் கேனான் மவுண்ட்டிலும் வந்துள்ளது. மவுண்ட்டைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி 3: ஃபோகஸ் மோட்டார் எங்கே இருக்கிறது?

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களில் டி90, டி7000, டி7500 போன்றவற்றின் உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உண்டு. டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை உள்ள கேமராக்களில் அது கிடையாது. இந்தக் கேமராக்களுக்கு லென்ஸினுள் மோட்டார் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திற்கும் கையால் வளையத்தைத் திருப்பித் தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடும் குழந்தையை அப்படி எடுப்பது எளிதல்ல.

டாம்ரானின் விலை குறைந்த 70-300 எஃப்/4-5.6 டி.ஐ. எல்.டி. மேக்ரோ லென்ஸ் நிக்கானுக்கு முதலில் மோட்டார் இல்லாமலும் பின்னர் மோட்டாருடனும் வந்தது. டோக்கினாவின் 11-16 எஃப்/2.8 லென்ஸிலும் இதே கதை. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. செகண்ட் ஹேண்டில் இரண்டும் சுற்றுகின்றன. கேமராவைக் கையோடு எடுத்துச் சென்று மாட்டிப் பார்ப்பதே ஒரே வழி. நிக்கானின் எஃப்.டி.இஸட். அடாப்டரிலும் மோட்டார் இல்லாத லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்யாது. கேனான்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1987ல் இ.எஃப். மவுண்ட் வந்த நாளிலிருந்து மோட்டார் லென்ஸினுள்ளேயே இருக்கிறது.

மோட்டாரைக் குறிக்கும் எழுத்துகள் சிக்மாவில் எச்.எஸ்.எம்.; டாம்ரானில் யு.எஸ்.டி., பி.இஸட்.டி., எச்.எல்.டி., ஆர்.எக்ஸ்.டி., வி.எக்ஸ்.டி. இவற்றில் ஏதேனும் ஒன்று பெயரில் இருந்தால் லென்ஸில் மோட்டார் உண்டு என்று பொருள்.

கேள்வி 4: கை ஆட்டத்தை யார் சமாளிப்பது?

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தது ஒன்றின் கீழ் ஃபோக்கல் லெங்த் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 300 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் போட்டால் 450. அதாவது சுமார் 1/500 விநாடி. மாலை நேரத்தில் எஃப்/5.6ல் இந்த வேகம் கிடைப்பது கடினம். லென்ஸினுள் ஒரு கண்ணாடித் தொகுதியை அசைத்துக் கை ஆட்டத்தை ஈடு செய்யும் வசதி நான்கு ஸ்டாப் உதவினால், அசையாத பொருளை 1/30 விநாடியிலும் தெளிவாக எடுக்கலாம். இந்த வசதிக்கு சிக்மா தரும் பெயர் ஓ.எஸ்.; டாம்ரான் தருவது வி.சி.; கேனான் ஐ.எஸ்.; நிக்கான் வி.ஆர்.; சோனி ஓ.எஸ்.எஸ்.; புஜிபிலிம், பானாசோனிக் ஓ.ஐ.எஸ்.

இரண்டு விஷயங்களை நினைவில் கொள்ளவும். ஒன்று, இது உங்கள் கை ஆட்டத்தை மட்டுமே நிறுத்தும். மேடையில் ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் தான் வேண்டும். இரண்டு, சில கேமராக்களில் சென்சாரே அசைந்து இந்த வேலையைச் செய்கிறது. உங்கள் கேமராவில் அது உள்ளதா என்று தெரிந்த பிறகே லென்ஸில் தேவையா என்று முடிவு செய்ய முடியும்.

ஒரே 70-300, மூன்று பெயர்கள்

இப்போது டாம்ரானின் மூன்று லென்ஸ்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்போம். மூன்றும் 70-300. மூன்றும் ஃபுல் ஃப்ரேமை நிரப்புபவை.

முதலாவது, மேலே கண்ட 70-300 எஃப்/4-5.6 டி.ஐ. எல்.டி. மேக்ரோ. வி.சி. இல்லை. விலையில் மிகக் குறைந்தது. நல்ல வெயிலில், அல்லது டிரைபாடில் வைத்து எடுத்தால் காசுக்கு மதிப்பு. மாலை மங்கினால் திணறும்.

இரண்டாவது, 2010ல் வந்த எஸ்.பி. 70-300 எஃப்/4-5.6 டி.ஐ. வி.சி. யு.எஸ்.டி. எஸ்.பி. என்பது டாம்ரானின் உயர்தர வரிசை. வி.சி. உண்டு. மோட்டார் உண்டு. பெயரில் கூடியிருக்கும் எழுத்துகளுக்குத் தான் கூடுதல் விலை. சோனியின் பழைய ஏ மவுண்ட்டிற்கு வந்த இதே லென்ஸில் வி.சி. கிடையாது. அந்தக் கேமராக்களில் சென்சார் அசையும் என்பதால் விட்டு விட்டார்கள். பெயரிலும் அந்த இரண்டு எழுத்துகள் இல்லை.

மூன்றாவது, 2020ல் சோனி இ மவுண்ட்டிற்கும் 2022ல் நிக்கான் இஸட் மவுண்ட்டிற்கும் வந்த 70-300 எஃப்/4.5-6.3 டி.ஐ. மூன்று ஆர்.எக்ஸ்.டி. புதியது, எடை சுமார் 550 கிராம், நல்ல தெளிவு. ஆனால் பெயரை மீண்டும் படியுங்கள். வி.சி. இல்லை. சென்சார் அசையும் நிக்கான் இஸட்5, இஸட்6 வைத்திருப்பவருக்கு அது குறையே அல்ல. நிக்கான் இஸட்50, இஸட்30, அல்லது சோனி ஏ6000, ஏ6400 வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அந்தக் கேமராக்களில் சென்சார் அசையாது. லென்ஸிலும் உதவி இல்லை. 300 மி.மீ.ல் ஒவ்வொரு படத்திற்கும் 1/500 விநாடியைத் தேட வேண்டியிருக்கும். ஒரே லென்ஸ் ஒருவருக்கு நல்ல வாங்கல், இன்னொருவருக்கு அன்றாடத் தலைவலி. வித்தியாசம், பெயரில் இல்லாத இரண்டு எழுத்துகள்.

மற்ற எழுத்துகள்: ஒரு சிறு அகராதி

கீழே உள்ளவை லென்ஸின் தரம், கட்டமைப்பு பற்றியவை. இவை இல்லாவிட்டால் லென்ஸ் இயங்காது என்பதல்ல. எனவே நான்கு கேள்விகளுக்குப் பின்னர் இவற்றைப் பார்த்தால் போதும்.

எல்.டி., எஸ்.எல்.டி., எஸ்.டி., இ.டி., யு.டி.: முறையே டாம்ரான், சிக்மா, டோக்கினா, நிக்கான், கேனான் வைத்த பெயர்கள். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் சிறப்புக் கண்ணாடி. வானத்தின் எதிரே கிளையின் ஓரத்தில் தெரியும் ஊதா, பச்சைக் கோடுகளைக் குறைக்கும்.

ஏ.பி.ஓ.: அப்போக்ரோமேட்டிக். நிறச் சிதறல் நன்கு திருத்தப்பட்டது என்று சிக்மா தன் பழைய டெலிபோட்டோ லென்ஸ்களில் போட்டது.

ஆஸ்ஃபெரிக்கல்: கோள வடிவிலிருந்து சற்று மாறிய வளைவுடைய கண்ணாடி. ஓரங்களின் தெளிவைக் கூட்டும்.

எக்ஸ்.ஆர்.: ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடி. லென்ஸின் நீளத்தைக் குறைக்க டாம்ரான் பயன்படுத்துவது.

ஐ.எஃப்.: இன்டர்னல் ஃபோகஸ். ஃபோகஸ் செய்யும்போது உள்ளே உள்ள கண்ணாடிகள் மட்டும் நகரும். போலரைசர் ஃபில்டர் போடுபவர்களுக்கு வசதி.

இ.எக்ஸ்.: சிக்மாவின் பழைய உயர்தர வரிசை. 2012ல் சிக்மா தன் லென்ஸ்களை ஆர்ட், கண்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் என்று மூன்றாகப் பிரித்தது. கண்டெம்பரரி என்றால் மட்டம் என்று பொருளல்ல. எடை, அளவு, விலை ஆகியவற்றைச் சமன் செய்தது என்று பொருள்.

மேக்ரோ 1:2: பொருளின் அளவில் பாதி அளவிற்குச் சென்சாரில் பதியும். முழு மேக்ரோ லென்ஸ் 1:1. பூக்களுக்குப் பாதி போதும். எறும்பின் கண்ணுக்குப் போதாது.

விட்டக் குறி உடன் 62, 67 போன்ற எண்: முன்புறம் மாட்டும் ஃபில்டரின் அளவு, மில்லி மீட்டரில். ஃபோக்கல் லெங்த்துடன் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

எதை வாங்கலாம்?

டெலிபோட்டோ ஜூம்: 70-300 வகை. விளையாட்டுத் திடல், தேர்த் திருவிழா, பறவைகள் என்று பகல் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு. கிட் லென்ஸையும் வைத்துக் கொள்ள வேண்டும். வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கரையில் நின்று எடுக்கும்போது 300ம் போதவில்லையே என்று தோன்றும். ஆனால் அதற்கு மேல் போனால் எடையும் விலையும் ஏறும்.

ஒன்றே போதும் ஜூம்: டாம்ரான் 2017ல் கொண்டு வந்த 18-400 எஃப்/3.5-6.3 டி.ஐ. இரண்டு வி.சி. எச்.எல்.டி. போன்றவை. ஏ.பி.எஸ்.-சி. டி.எஸ்.எல்.ஆர்.க்கானது. சுற்றுலாவில் லென்ஸ் மாற்றும் வேலை இல்லை. தூசி உள்ளே போகும் பயமும் குறைவு. 22 மடங்கு ஜூமை ஒரே குழாயில் அடக்குவதால், முழு ஜூமில் தெளிவு சற்றுக் குறையும். வெளிச்சம் எஃப்/6.3 தான். மின்விளக்கு மேடைக்கு இது தீர்வல்ல.

வெளிச்சமான ஜூம்: சிக்மா 17-50 எஃப்/2.8 இ.எக்ஸ். டி.சி. ஓ.எஸ். எச்.எஸ்.எம். 2010ல் டி.எஸ்.எல்.ஆர்.களுக்கு வந்தது. மிரர்லெஸுக்கு 2021ல் வந்த சிக்மா 18-50 எஃப்/2.8 டி.சி. டி.என். எடை 300 கிராமுக்கும் குறைவு. ஆனால் இதில் ஓ.எஸ். கிடையாது. இந்த வகை தூரத்தைக் கூட்டாது. கிட் லென்ஸின் இடத்திலேயே அமர்ந்து, வீட்டு விசேஷங்களைப் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வைக்கும். கிட் லென்ஸில் பெரும்பாலும் வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு, 70-300ஐ விட இதுவே அதிகம் பயன்படும்.

கடையில் செய்ய வேண்டியவை

உங்கள் கேமரா, ஒரு மெமரி கார்ட் இரண்டையும் எடுத்துச் செல்லவும். லென்ஸை மாட்டி, கடையில் உள்ள அட்டைப் பெட்டிகள் நிறைந்த அலமாரியை நேர் எதிரே நின்று எடுக்கவும். ஜூமின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில், எஃப் எண்ணை மிகக் குறைவாக வைத்து ஒரு படம், எஃப்/8ல் ஒரு படம் எடுக்கவும். லேப்டாப் இருந்தால் அங்கேயே 100 சதவீத அளவில் திறந்து பார்க்கலாம். ஓரங்கள் நடுவை விடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கி, எதிர்ப்பக்கம் தெளிவாக இருந்தால், கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். வேறு பீஸ் கேட்கவும்.

புதிய லென்ஸ் என்றால் பெட்டியின் மேல் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்கவும். இவை இல்லாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால், பழுது வரும்போது இங்குள்ள சர்வீஸ் சென்டர் வாரண்டியை ஏற்க மறுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் காட்டி, மறுமுனையில் பார்க்கவும். சிலந்தி வலை போல நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இது சாதாரணம். சிறு தூசிகள் படத்தைப் பாதிக்காது. பூஞ்சை பிடித்த லென்ஸை வாங்க வேண்டாம். லென்ஸைக் கீழ் நோக்கிப் பிடித்தால் குழாய் தானாக இறங்குகிறதா என்றும் பார்க்கவும்.

வாங்கிய பின் கம்ப்யூட்டரில்

புதிய கேமராவில் தேர்ட் பார்ட்டி லென்ஸ் தடுமாறினால், முதலில் லென்ஸ் நிறுவனத்தின் இணைய தளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் உள்ளதா என்று பார்க்கவும். சிக்மாவின் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களில் 2012க்குப் பின் வந்தவற்றை யு.எஸ்.பி. டாக் என்ற சாதனம் மூலமும், டாம்ரானின் சில லென்ஸ்களை டேப்-இன் கன்சோல் மூலமும் கம்ப்யூட்டருடன் இணைத்து அப்டேட் செய்யலாம். டாம்ரானின் சில புதிய மிரர்லெஸ் லென்ஸ்களில் யு.எஸ்.பி. டைப்-சி போர்ட்டே உள்ளது.

கட்டடங்களின் கோடுகள் வளைந்தோ மூலைகள் இருண்டோ தெரிந்தால் கவலை வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி என்ற இலவச சாஃப்ட்வேர்களில் லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியில் உங்கள் லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏராளமான சிக்மா, டாம்ரான், டோக்கினா லென்ஸ்களின் விவரங்கள் அவற்றில் உண்டு. வளைவையும் இருட்டையும் சாஃப்ட்வேர் திருத்தி விடும். ஆட்டம் கண்டு மங்கிய படத்தையும், ஃபோகஸ் தவறிய படத்தையும் முழுதாக மீட்பது கடினம். ஆகவே தான் மோட்டாரும் ஸ்டெபிலைசரும் பற்றிய எழுத்துகளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கினோம்.

லென்ஸ் வாங்கச் செல்லும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு வரிகள் எழுதிக் கொள்ளுங்கள்: என் கேமராவின் மவுண்ட், சென்சார் அளவு, கேமராவில் ஃபோகஸ் மோட்டார் உண்டா, சென்சார் அசையுமா. கேமராவின் மாடல் எண்ணை வைத்து இந்த நான்கையும் நிறுவனத்தின் இணைய தளத்தில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து விடலாம். விற்பனையாளர் லென்ஸ் பெட்டியை எடுத்து வைத்தவுடன், விலையைக் கேட்பதற்கு முன் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்து, தாளோடு ஒப்பிடவும். நான்கும் பொருந்தினால் பேரம் பேசத் தொடங்கலாம்.